கடல் பார்த்த குடில்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் அக்கா, மகள் மூவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏசி அறையில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. ‘நீங்கள்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் அரை டிராயர் போட்டிருந்த நாளிலிருந்து உங்களை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். ஆகவே இது மரியாதை அல்ல, கோபம். முக்கியமான செய்தியை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

இன்று காலை உங்கள் ஓட்டல் கார் எங்கள் குடிலின் முன்னால் வந்து நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட டிரைவர் இறங்கி, “மேனேஜர் சார் அவங்க அக்காவைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. கடல் பார்த்த ரூம் ஒண்ணு காலியா இருக்கு. சாரும் வேணும்னா வரலாம்னாரு” என்றார். அந்த ‘சாரும் வேணும்னா’வை நான் குறித்துக்கொண்டேன். கார் வெறுமனே திரும்பி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஏன் திரும்பியது என்பதை டிரைவர் வாயால் சொல்லி அனுப்பினால், நாலு பேர் கூடுகிற இடத்தில் நீங்கள் அதைத் திரித்துச் சொல்வீர்கள். எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

போன முறை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னீர்கள்? “அத்தான், லீவுக்கு என் ஓட்டல்லயே வந்து தங்குங்க. பத்திரிகைக்காரங்களுக்கு ஓசின்னா கசக்கவா போகுது?” எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாயில் அப்போது தண்ணீர் இருந்தது. நான் பேட்டி எடுக்கப் போன இடத்தில் டீ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து சொந்தக் காசில் குடித்தவன். பேனா தீர்ந்துபோன ஒரு கூட்டத்தில் மந்திரி கொடுத்த பேனாவை, எழுதி முடித்ததும் அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டு வந்தவன். என்னைப் பார்த்தா ஓசி? அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த நீண்ட விடுமுறைக்கு உங்கள் ஊருக்கே வருவது, உங்கள் ஓட்டலுக்குப் பக்கத்திலேயே தங்குவது, உங்கள் ஓட்டலில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவது.

உங்கள் அக்கா கேட்டதும் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முட்டி தேய்ந்து, மணலில் கால் வைக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் அவள் சொன்னாள்: “நடக்கவே வேணாங்க. வாசல்ல ஒரு நாற்காலி. கையில டீ. எதிர்ல கடல். ஒரு காலையில அப்படி உட்கார்ந்தாப் போதும்.” கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இது கடைசி விரல் மாதிரி இருந்தது. ஆகவே விளம்பரங்களை நிதானமாகப் படித்தேன். இருப்பதிலேயே மலிவான விளம்பரம் இப்படி இருந்தது: ‘குடும்பத்துக்கு ஏற்ற, கடல் பார்த்த குடில்.’ தெரு பார்த்த வீடு என்றால் தெருவை நோக்கிய வீடு. கிழக்கு பார்த்த வாசல் என்றால் கிழக்கை நோக்கிய வாசல். அப்படித்தானே? உடனே முன்பணம் கட்டினேன்.

நேற்று வந்து சேர்ந்தோம். குடிலின் சொந்தக்காரர் நங்கூரம் போட்ட தொப்பி வைத்திருப்பதால் எல்லாரும் அவரைக் கேப்டன் என்கிறார்கள். படகு எதுவும் அவரிடம் இல்லை, தொப்பி மட்டும்தான். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். சாவி ஒரு சம்பிரதாயத்துக்கு என்று பிறகு தெரிந்தது. உள்ளே ஒரு அறை, அதுதான் எல்லா அறையும். கட்டிலை இழுத்து விரித்தால் வாசல் கதவு திறக்காது. குளிர்பதனப் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் குளியலறையில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், அவர் வெளியே வர வேண்டுமென்றால் பாலை எடுத்தவர் பெட்டியைச் சாத்த வேண்டும். மகள் மேல் கட்டிலில் ஏறி உட்கார்ந்து நிமிர்ந்ததும் கூரையில் ‘டங்’ என்று சத்தம் கேட்டது. “அம்மா, இந்த வீட்டுக்கு காலிங் பெல் இருக்கும்மா” என்றாள். விரிப்பிலும் தலையணையிலும் டம்ளரிலும் மணல். உங்கள் அக்கா ஒரு குறையும் சொல்லவில்லை. நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி அடுப்பைப் பற்ற வைத்து, மறு கையால் ஜன்னலைத் திறந்து, “எழுந்திருக்காமயே எல்லா வேலையும் ஆகுது. முட்டிக்கு நல்லது” என்றாள். இந்த மாதிரிப் பெண்மணிக்கு நீங்கள் தம்பி என்பதை நான் அடிக்கடி நினைத்து ஆச்சரியப்படுவதுண்டு.

மணல் இருந்தது, உப்புக் காற்று இருந்தது, கடலைத்தான் காணோம். வாசலில் நாற்காலியைப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், எதிரே பொதுக் கழிப்பறை. கதவுக்குக் கதவு, நேருக்கு நேர். பல் துலக்க வந்த ஒருவர் எனக்கு வணக்கம் வேறு சொன்னார்.

கேப்டனைக் கூப்பிட்டேன். “எங்கய்யா கடல்?”

“அந்தப் பக்கம் சார். ஓட்டலைச் சுத்திக்கிட்டு ஒரு நடை நடந்தா வந்துரும்.”

“கடல் பார்த்த குடில்னு விளம்பரம் போட்டிருக்கீங்களே?”

“பார்த்துச்சே சார்.” அவர் குடிலின் சுவரை, மாட்டைத் தட்டுவதுபோல் தட்டினார். “ரெண்டு வருஷம் கடலோரத்துலதான் நின்னுச்சு. நல்லாப் பார்த்துச்சு. போன புயல்ல ரொம்பக் கிட்டத்துல பார்த்துச்சு. அப்புறம்தான் டிராக்டர் வெச்சு இங்க இழுத்துட்டு வந்தோம். கடல் பார்க்கிற குடில்னா சார் போட்டிருக்கேன்? பார்த்த. படிச்சுப் பாருங்க.”

மைத்துனரே, மற்றவர்கள் எழுதிய செய்திகளில் காலப் பிழை திருத்தியே எனக்குத் தலை நரைத்தது. அப்படிப்பட்டவனை ஒரு பெயரெச்சத்தில், அதுவும் இறந்த காலத்தில் கவிழ்த்துவிட்டார் மனிதர். அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் எங்கள் பத்திரிகையில் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் நன்றாக விற்றிருப்போம்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘பேசாம நம்ம ஓட்டலுக்கு வந்திருக்கலாம்.’ வரவில்லை. கடலுக்கும் போகவில்லை. ஏனென்றால் கடலுக்குப் போகிற ஒரே பாதை உங்கள் ஓட்டல் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்று நான் உத்தரவு போட்டிருக்கிறேன். மகள் மட்டும், “கடலோரம் வந்து கடலைப் பார்க்காம போற ஒரே குடும்பம் நாமதான்பா” என்றாள். கொள்கை என்று இருந்தால் சேதாரம் இருக்கத்தான் செய்யும் என்றேன்.

அப்போதுதான் கேப்டன் சொன்னதில் ஒரு சொல் எனக்கு உறைத்தது. ‘இழுத்துட்டு வந்தோம்.’ குனிந்து குடிலின் அடியில் பார்த்தேன். செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது, நடுவில் அச்சும் சக்கரமும் அப்படியே இருக்கின்றன. பக்கத்துக் குடிலில் ஒரு லாரிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவரும் என் பக்கத்தில் குனிந்தார்.

“என்ன சார் தேடுறீங்க?”

“இதைத் திருப்ப முடியுமான்னு பார்க்கிறேன்.”

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “காலையிலேர்ந்து சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து கை அரிக்குது சார்” என்று ஓடிப்போய் ஜாக்கியோடு வந்தார்.

கேப்டன் குறுக்கே வந்து நின்றார். “சார், இது வீடு. வீட்டை எல்லாம் திருப்பக் கூடாது.”

“சக்கரம் இருந்தா வண்டி. வண்டின்னா திருப்பலாம்” என்றார் லாரிக்காரர்.

“விளம்பரத்துல வீடுன்னு எங்க போட்டிருக்கீங்க? குடில். படிச்சுப் பாருங்க” என்றேன் நான். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, மனிதர் நல்லவர், தானும் ஒரு பக்கம் கை கொடுத்தார்.

உங்கள் அக்கா இறங்க மறுத்துவிட்டாள். ஏறி இறங்கினால் முட்டி வலிக்குமாம். நாங்கள் வெளியே தள்ள, அவள் உள்ளே வாசலுக்கு நேராக முக்காலியில் உட்கார்ந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நேர்முக வர்ணனை செய்துகொண்டே வந்தாள். “கக்கூஸ் தெரியுது… இன்னும் கக்கூஸ்தான்… ஒரு துணிக்கொடி வருது… ஐயோ, யாரோ தலை துவட்டுறாங்க, சீக்கிரம் தாண்டுங்க… மரம்… பெட்ரோல் பங்க்…” மகள் லாரிக்குச் சொல்வதுபோல், “வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிச்சு வரலாம்” என்று கத்த, தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு என் சட்டையை முழுக்க நனைக்க, மின்சார வயர் இழுபட்டுக் கேப்டனின் தொப்பியைத் தட்டிவிட, அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவள் குரல் கேட்டது.

“நில்லுங்க. நீலமா தெரியுது.”

நின்றோம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், ஒரு கதவை ஒருக்களித்து வைத்த அகலத்துக்கு, நீலம். லாரிக்காரர் விசில் அடித்தார். கேப்டன், “இனிமே ‘பார்க்கிற’ன்னு மாத்திப் போட்டுருவேன், வாடகை ஏறும்” என்றார்.

இன்று காலை உன் அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். எதிரே கடல். நான் பக்கத்தில் நின்றேன். இன்னொரு நாற்காலிக்கு இடம் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள், அந்தக் கடலை நான் பார்த்தபடி சொல்கிறேன். அலை அடித்தது. நுரை கிடையாது, அடக்கமான அலை. காற்று எழும்போதெல்லாம் படபட என்று ஒரு சத்தம். ஒவ்வொரு கரைக்கும் ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் இரண்டு மீனவர்கள் வந்து கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். உன் அக்கா அவர்களுக்குக் கையாட்டினாள். அவர்களும் கையாட்டினார்கள். உன் ஓட்டல் விருந்தாளிகளுக்கு எந்த மீனவராவது கையாட்டியதுண்டா? “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “நல்லா இழுத்துக் கட்டியிருக்காங்க” என்றாள். வலையைச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் உன் டிரைவர் வந்தார். அவர் “கடல் பார்த்த ரூம்” என்றதும், “பார்த்ததா, பார்க்கிறதா?” என்று கேட்டேன். முழித்தார். உன் அக்காவே பதில் சொன்னாள்: “தம்பிகிட்ட சொல்லுப்பா. எனக்காக ஒரு வீட்டையே திருப்பி வெச்சிருக்காரு. அதை விட்டுட்டு நான் எங்க வர்றது?”

கேட்டாயா? அவள் சொன்னது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. உண்மைதான், குழாய் எட்டாததால் வாளியில்தான் குளிக்கிறோம். வயர் குறுக்கே போவதால் கதவைச் சாத்த முடியவில்லை. அதனால் என்ன, இந்தக் கதவைச் சாத்தினால் கடல் தெரியாது. உன் ஓட்டல் உன்னோடு இருக்கட்டும். உன் ரூமும் காரும் உன்னோடு இருக்கட்டும். எனக்கு உன்னிடமிருந்து எதுவும் வேண்டாம். இன்றைக்கும் வேண்டாம், என்றைக்கும் வேண்டாம். இதை நீ கண்ணாடிச் சட்டம் போட்டு உன் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம்.

உன் மனைவி மக்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் ஓட்டலும் நிரம்பி வழியட்டும், எங்களைத் தவிர மற்றவர்களால்.

இப்படிக்கு,
சொந்தக் காசில் கடல் பார்க்கிற (நிகழ்காலம், கவனிக்கவும்)
உன் அத்தான்.

பின்குறிப்பு: டேய், இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் ஓட்டல் வாசல் வரை வந்த மகள், கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் என்னை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் பார்ப்பது கடல் இல்லையாம். உன் ஓட்டலின் புதுக் கட்டடத்துக்கு மூடியிருக்கிற நீலத் தார்ப்பாயாம். மீனவர்கள் உன் பெயின்டர்களாம். கடல் அதற்குக் கொஞ்சம் வலது பக்கம், நல்ல பெரிதாகவே இருக்கிறதாம். போய்ப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதே என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்ன செய்வது, உன் வாசல் குறுக்கே இருந்தது. உன் அக்கா ‘கடல்’ என்ற சொல்லையே சொல்லவில்லை, ‘நீலமா தெரியுது’ என்று மட்டும்தான் சொன்னாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதை நான் கிளறப் போவதில்லை. நாளைக் காலை அந்தத் தார்ப்பாயைக் கழற்றப் போவதாக உன் காவலாளி மகளிடம் சொன்னாராம். நாங்கள் கிளம்புவது மதியம். காலையில் நாற்காலியை வெளியே போடச் சொல்லி உன் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். லாரிக்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார், ஜாக்கியும் போய்விட்டது. ஆகவே, மதியம் வரைக்கும் அந்தத் தார்ப்பாய் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவை. ஓசிதான்.