ஜாகாவை வீட்டுக்கு அனுப்பியவன்

புது வேலை கிடைத்த பிறகுதான் பழைய வேலை போனதை என் மனைவி சந்திரமதியிடம் சொல்வது. இதுதான் என் தீர்மானம். அதை எடுத்து மூன்று மாதம் ஆகிறது.

சிங்கப்பூரில் பதினான்கு வருஷம் பார்த்த மெஷின் வேலை. ஒரே கடிதத்தில் முடித்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன். எல்லை தாண்டிச் சிங்கப்பூர் போகும் பாலத்துப் பக்கம் போவதில்லை. லார்க்கின் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, என் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றை மதியம் தனியாகத் தின்கிறேன். அவித்த முட்டை ஒருநாளும் குறைந்ததில்லை. அதைத்தான் கடைசிவரை தொடாமல் ஒதுக்கி வைக்கிறேன்.

செடெனாக்கில் ஒரு டேட்டா சென்டருக்கு ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை இன்டர்வியூ. லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டுமாம். ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போனதும் லினக்ஸ் பென்டிரைவை வீட்டு லேப்டாப்பில் சொருகினேன். செக்யூர் பூட் குறுக்கே நின்றது. கம்பெனி வாசலில் காவல் நிற்கும் ஜாகா மாதிரி, தெரியாத முகத்தை உள்ளே விடாது. செட்டிங்கில் போய் ஜாகாவை வீட்டுக்கு அனுப்பினேன். நானும் ஒருவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன்!

லினக்ஸ் வந்தது. பென்டிரைவைக் கழற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத் திரை. நாற்பத்தெட்டு எண் ரெக்கவரி கீயைக் கொடு என்றது. பதற்றத்தில் செட்டிங்கில் கண்டதையெல்லாம் தட்டினேன். ஜாகாவைத் திரும்பக் கூப்பிட்டும் பலனில்லை. என் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன.

பின்னால் விபூதி வாசம். சந்திரமதி நின்றிருந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல லா. அப்டேட்."

"அப்டேட்டுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"ஃபேன் ஓடல."

"ஓடுது."

நிமிர்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நாப்பத்தெட்டு நம்பர் கேக்குது, சந்திரா."

"வாங்கின அன்னிக்கே பிரிண்ட் எடுத்து வச்சேன். நீங்கதான் சிரிச்சீங்க. அலமாரியில, பட்டுச் சேலைக்கு அடியில இருக்கு. இருங்க."

ஒரு சிவப்புப் புத்தகத்தோடு வந்தாள். மடித்த காகிதம் அதற்குள் இருந்தது. காகிதத்தை எடுத்த பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தேன். என் பாஸ்போர்ட்.

"இது... எப்படி அங்க?"

"தைப்பூசத்துக்கு மறுநாள் உங்க பையிலேர்ந்து எடுத்தேன். சட்டையில எண்ணெய் வாடையே வரல. அதான் சந்தேகம். ரெண்டு மாசமா பாஸ்போர்ட் இல்லாமலே சிங்கப்பூர் போயிட்டு வர்றீங்க. ஒருநாள்கூட தேடல."

அவமானமா, துக்கமா, இரண்டும்தான்.

"தெரிஞ்சும் ஏன் சோறு கட்டின?"

"வெளிய எங்க உக்காந்தாலும் பசிக்கும்ல."

அழுதுவிட்டேன். கண்ணீரில் எண்கள் தெரியவில்லை. அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். லேப்டாப் திறந்தது.

"நாளைக்குச் செடெனாக்ல இன்டர்வியூ," என்றேன். "பத்து மணிக்கு."

"அப்ப நாலரைக்கு வண்டிய எடுக்காதீங்க," என்றாள். "ரெண்டு மாசமா எனக்கும் தூக்கமில்ல."