பூஜ்ஜியத்துக்கு இடமில்லாத படம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், குளித்து நாளாகிவிட்டது என்பது தவிர.

நீங்கள் உருவாக்கிக் கொடுத்த வரைபட மென்பொருளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஊர்க் கிணறுகளில் ஈயம் எவ்வளவு என்று படம் போட்டுத் தரச் சொன்னார் மேலாளர். ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்ததால் ஒன்று, பத்து, நூறு என்று ஏறும் மடக்கை அளவுகோலில் போட்டேன். நல்ல கிணறுகளில் ஈயம் கருவிக்கே அகப்படவில்லை. அகப்படாததை என்னவென்று எழுதுவது? பூஜ்ஜியம் என்று எழுதி, அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோட்டையும் மறக்காமல் சேர்த்தேன். அந்த அளவுகோலில் பூஜ்ஜியத்துக்கு இடமே கிடையாதாம். உங்கள் மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாமல் நல்ல கிணறுகளை எல்லாம் முழுங்கிவிட்டு, கெட்டதை மட்டும் பளிச்சென்று காட்டியது. மேலாளர் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, ஊர்ல ஒரு கிணறுகூட உருப்படியா இல்லையா?" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன். அன்றைக்கே எல்லாக் கிணற்றையும் பூட்டிவிட்டார்கள். இப்போது லாரித் தண்ணீர்தான். என் மனைவி தினமும் வாளியோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து, "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலையோ, என் கையில கிடைக்கட்டும்" என்கிறாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆமாம் போடுகிறேன்.

எங்கள் தெருக் கிணறே படத்தில் இல்லை என்று நேற்றுதான் கவனித்தேன். கருவியால் காண முடிந்த கடைசி அளவில் புள்ளி வைத்து, 'இதற்கு மேல் இல்லை' என்று கீழ்நோக்கி அம்பு போட்டுப் புதுப் படம் தயார் செய்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "கிணறெல்லாம் வத்துதா சார்?" என்கிறார். இவரிடம் என்னத்தைச் சொல்ல?

மாமா, என் வேலையை நிரந்தரமாக்கும் மாதம் இது. தப்பு முழுக்க மென்பொருளுடையதுதான் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அது வரும்வரை புதுப் படம் வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நாள் லாரித் தண்ணீர் பிடித்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வீட்டில் மட்டும் தெரியவே கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: அண்ணா, நான் அவருடைய மனைவி எழுதுகிறேன். உறையை ஒட்டித் தபாலில் போடச் சொன்னார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். நீங்கள் எதுவும் எழுதிச் சிரமப்பட வேண்டாம். அலமாரியைத் திறந்து படத்தை எடுத்துக்கொண்டுதான் இன்றைக்கு லாரி வரிசைக்குப் போனேன். அம்பு எதற்கென்று எல்லோருக்கும் சொன்னதுமே புரிந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்றவர் மட்டும் படத்தை வாங்கி இரண்டு முறை பார்த்தார். அவர் மேலாளரின் மனைவி. காலி வாளியோடு நேராக ஆபீசுக்குப் போயிருக்கிறார்.