திரையின் உச்சியில் ஆரியபட்டா

எளிய வேலையை எளிதாகச் செய்து முடிக்கும் பாக்கியம் நிறையப் படித்தவர்களுக்கு வாய்ப்பதில்லை. நான் நூலக அறிவியல் படித்தவள். ஆகவே, எங்கள் அபிராமபுரம் அடுக்ககத்தின் பொங்கல் விழாவில் நடந்ததற்கு வேறு எவரையும் குறை சொல்வதற்கில்லை.

கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த அறையை நூலகமாக்க வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். செயலாளர் சுந்தரத்துக்கோ அங்கே ட்ரெட்மில் வாங்கிப் போட ஆசை. கடைசியில் விழாவின் வினாடி வினாவை என்னிடம் ஒப்படைத்து, "நல்லா நடத்திக் காட்டுங்க மேடம், ரூம் உங்களுக்குத்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த பொது அறிவுக் கேள்விகளையெல்லாம் கணினியில் ஏற்றி, பொருள்வாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். வரலாறு, அறிவியல், விளையாட்டு என்று பிரித்தால் போதாதா என்றார் என் கணவர் ராகவன். (வங்கியில் இருந்தவர். வரவு, செலவு இரண்டுக்கு மேல் உலகில் தலைப்பு எதற்கு என்பது அவர் கட்சி.) அவ்வளவு பெரிய தலைப்புகள் எனக்குச் சற்று அநாகரிகமாகவே பட்டன. ஒரு நூல் எதைப் பற்றியதோ, அதுதான் அதன் பொருள் தலைப்பு. ஒரு கேள்வி எதைப் பற்றியது? அதன் பதிலைப் பற்றியதுதானே!

இந்தக் கண்டுபிடிப்பின் பரவசத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. 'தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது?' என்ற கேள்வியை 'மரகதப்புறா' என்ற தலைப்பின்கீழ் சேர்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

விழாவன்று தலைப்புகள் திரையில் ஒளிர்ந்தன. அணிகள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தலைப்பு உச்சியில் நிற்க, அதனடியில் கேள்வி தோன்றும். முதல் வாய்ப்பு ராகவனின் அணிக்கு. கணக்குக் கேள்வி வருமென்று நம்பி 'ஆரியபட்டா'வைக் கேட்டார்.

"இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் எது?" என்று கம்பீரமாக வாசித்தேன்.

கூட்டம் திரையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. ராகவனின் அணியிலிருந்த மூன்றாம் மாடி ஷகீலா, "மேலேயே இருக்கு அங்கிள்" என்று கிசுகிசுத்தாள். மைக் அதை வஞ்சனையின்றி எல்லோருக்கும் பரிமாறியது.

"சும்மா இரும்மா," என்றார் ராகவன். "கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன். அவ எதையும் இவ்ளோ சுலபமா குடுக்க மாட்டா. இதுல ஏதோ சூது இருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு விடை சொன்னார்: "ரோகிணி."

அதன்பின் தவறான விடை என்ற ஒன்றை அந்த அரங்கம் கேட்கவேயில்லை. மற்ற அணிகள் திரையைப் பார்த்து வாசித்தே முழு மதிப்பெண் பெற்று, முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. என் கணவரின் அணி மட்டும் தனியாகக் கடைசியில் நின்றது. நூலகம் ட்ரெட்மில்லாக மாறி என் கண்முன் ஓடத் தொடங்கியது.

சுந்தரம் மைக்கை வாங்கினார். சிரிப்பை அடக்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வினாடி வினாவை இனிமே மேடத்துக்கிட்ட குடுக்கப் போறதில்ல," என்றார். "ஆனா தேடுறது டக்குனு கண்ணுல படணும்னு இவ்ளோ பாடுபடுறவங்க கிட்ட லைப்ரரியைத் தாராளமா குடுக்கலாம்."

அந்த அறையில் இன்று உட்கார இடம் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டிலோ, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே ராகவன் அறை அறையாகத் தேடும்போதெல்லாம், எங்கள் மகள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கிறாள்: "மேலேயே இருக்குப்பா."

அவர் இன்னமும் நம்புவதில்லை.