பெண் பார்த்த வீட்டில் பத்மாசனம்

பெண் பார்க்கப் போகிற ஆண்கள் எல்லோரும் ஒரு பொய்யாவது சொல்வார்கள். நான் சொன்ன பொய்க்கு என் முழங்கால்கள் இரண்டும் சாட்சி.

சுகந்தி உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு யோகா சொல்லிக்கொடுப்பவள். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவளுடைய படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நானும் தினமும் யோகா செய்கிறவன் என்று தரகரிடம் சொல்லியனுப்பினேன். (செய்தது சவாசனம் மட்டும். அதுவும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.)

எங்கள் ஊர் ஈச்சிலம்பற்றிலிருந்து அம்மாவும் நானும் அவள் வீட்டில் போய் இறங்கினோம். தேத்தண்ணி தந்துவிட்டு அவள் கேட்டாள்:

"நீங்கள் எந்த முறை செய்யிறனீங்கள்? ஹட யோகமோ, அஷ்டாங்கமோ?"

மீனைப்போல யோகாவிலும் இத்தனை வகை இருக்குமென்று யார் கண்டது?

"ரெண்டும்தான். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்தி, ஞானம், கர்மம் என்ற பாதைகளில் எது பிடிக்கும் என்று அடுத்துக் கேட்டாள். அவற்றை வருகிற வருடம் தொடங்க இருக்கிறேன் என்றேன்.

தகப்பன் பேப்பரை மடித்து வைத்தார். "அப்ப ஒரு பத்மாசனம் போட்டுக் காட்டுங்கோவன் தம்பி."

புதுக் காற்சட்டையோடு நிலத்தில் இருந்தேன். வலது கால் ஏறியது. இடது காலைப் பலவந்தமாக ஏற்றியபோது எங்கோ தையல் பிரிந்தது. அம்மா இருமினார். ஆனாலும் போட்டுவிட்டேன். கண்ணை மூடி ஞானிபோலச் சிரித்தேன்.

கழற்றத்தான் தெரியவில்லை. கால் மரத்தது, வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை தியானத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று தகப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைசியில் அம்மா எழும்பி, போவோமா என்று கேட்டார்.

"ஏலாது," என்றேன், கண்ணைத் திறக்காமலே.

சுகந்தி பக்கத்தில் வந்து குந்தினாள். "கழட்டத் தெரியாதோ?" என்று காதுக்குள் கேட்டாள்.

"ஓம். எனக்கு ஒண்டுமே தெரியாது. பொய் சொன்னனான்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கணுக்காலைப் பிடித்து மெல்லத் தூக்கி, என்னை அவிழ்த்துவிட்டாள். எழும்பிய வேகத்தில் மரத்த கால் மடங்கி, தகப்பனின் மடியிலேயே போய் விழுந்தேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணி முழுவதும் வெள்ளை வேட்டிக்குப் போனது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தள்ளிப்போய் வேறு சீற்றில் இருந்தார். ஆனால் ஒரு கிழமைக்குள் தரகர் சம்மதத்தோடு வந்தார். ஏன் ஓம் என்றாய் என்று கலியாணத்துக்குப் பிறகு கேட்டேன். "முதல் வந்த நாலு பேரும் எல்லாம் தெரியுமெண்டவை. தெரியாதெண்டு சொன்னது நீங்கள் மட்டும்தான்," என்றாள்.

மாமாதான் இன்றுவரை விடவில்லை. கோயில் அன்னதானத்தில் சனமெல்லாம் நிலத்தில் இருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"மருமகன் இதில இருக்கட்டும்," என்பார், பந்தி முழுவதற்கும் கேட்க. "நிலத்தில இருந்தாரெண்டால் எழுப்ப மகள்தான் வரவேணும்."