கடலரசியின் பாஸ்போர்ட் போட்டோ

கடற்கரையை ஒட்டிய ஒரு காட்டில், குட்டையொன்றில் செவந்தி என்னும் தவளை இருந்தாள். அவளுடைய மூத்த தலைப்பிரட்டை கடலரசிக்குக் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. சோறு தண்ணீர்கூடக் கேட்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. செவந்திக்கு அதற்குள் தூக்கம் போய்விட்டது. குரங்கு நடத்திய ஜெராக்ஸ் கடைக்கு மகளைக் கொட்டாங்குச்சியில் வைத்துத் தூக்கிப்போய்ப் பதினாறு போட்டோ எடுத்தாள். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் கேட்ட இடத்தில், 'நீளமான வால், கால்கள் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிட்டாள்.

"முட்டைய விட்டு வந்து முழுசா ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள காலேஜாடி?" என்றாள் அடுத்த கரை ஆமை.

"கடைசி நேரத்துல ஓட நமக்குத் தெம்பில்லக்கா" என்றாள் செவந்தி.

மூன்று மாதம் கழித்துக் கல்லூரியில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். கவுன்டரில் நாரை உட்கார்ந்திருந்தது. தவளைகள் எல்லாம் நான்கடி தள்ளியே வரிசையில் நின்றன. நாரை போட்டோவைப் பார்த்தது. கடலரசியைப் பார்த்தது.

"வால் எங்கம்மா?"

"பொண்ணு வளர்ந்துட்டா சார்."

"வளரப் போறதா எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுக்கணுமா சார்?"

"குடுத்திருந்தாலும் அனுமதி கிடைச்சிருக்காது. ஆனா குடுத்திருக்கணும். சரி, உதிர்ந்த வாலைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்."

கடலரசி பணிவாகச் சொன்னாள்: "வால் உதிராது சார். கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ளயே கரைஞ்சிடும்."

"உயிரியல் எல்லாம் சீட்டு கிடைச்ச பிறகு பேசு" என்றது நாரை. "சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கவுன்டர் மூடிடும்."

செவந்தி நேராகக் குட்டைக்கு வந்தாள். போன வாரம் பொரித்தவை நீந்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை அள்ளிக் கொட்டாங்குச்சியில் போட்டாள்.

"எனக்குத் தையல்தாம்மா பிடிக்கும்" என்றது அது.

"பேசாம இருடி. இன்னையிலேர்ந்து நீதான் கடலரசி."

நாலே முக்காலுக்கு நாரை போட்டோவையும் கொட்டாங்குச்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. வால் இருந்தது. கால் இல்லை. "இதை முதல்லயே கொண்டு வர்றதுக்கென்ன?" என்று முத்திரை குத்தியது.

வரும் வழியில் பெரியவள் கேட்டாள்: "அப்போ நான் என்னம்மா பண்றது?"

"நீ இவளைத் தினம் தூக்கிட்டுப் போ. ஜன்னல் பக்கம் நின்னு பாடத்தைக் கேட்டு, வீட்டுக்கு வந்து இவளுக்குச் சொல்லிக் குடு. உனக்குத்தான் அந்தப் படிப்புன்னா உயிராச்சே."

அன்று இரவு செவந்தி உட்கார்ந்து யோசித்தாள். படிப்பு மூன்று வருஷம். ஒரு வால் மூன்று மாதம்கூடத் தாங்காது. பரீட்சைக்குப் பரீட்சை காட்ட வேண்டிய அடையாள அட்டையிலோ அதே போட்டோ. இந்த முறை எதையும் கடைசி நேரத்துக்கு விடக்கூடாது என்று, அடுத்த பரீட்சைக்கான முட்டைகளை அவள் அப்போதே இட ஆரம்பித்தாள்.

நீதி: முன்யோசனை ஒருநாளும் வீண்போகாது. விண்ணப்பத்துக்குப் பிள்ளை பொருந்தாவிட்டால், பிள்ளையை மாற்றிக்கொள்ளலாம்.