மாமாவின் பட்டாளத்துக் கோட்டுக்கு வயது பார்த்த விவரம்

மேலகரம்,
ஆடிச் சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான சாம் அத்தான் அவர்களுக்கு,

மேலகரத்திலிருந்து உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை ஜஸ்டின் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, எங்கள் வீட்டுக்குள்ளும் இரண்டு இடத்தில் விழுகிறது. கோவையில் நீங்களும் கிருபா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் போய்விட்டீர்கள். தபால்காரரை மட்டும் நீங்கள் பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

ஆவணியில் எங்கள் மகள் சுஜிதாவுக்குக் கல்யாணம் என்பது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். தாய்மாமன் மாலை போடாமல் பெண் கோயிலுக்குப் புறப்பட்ட வழக்கம் நம் இரண்டு குடும்பத்திலும் கிடையாது. ஆனால் அந்தத் தாய்மாமனும் பெண்ணின் தாயாரும் பேசி இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. எல்லாம் ஒரு பழைய கோட்டால் வந்த வினை. உங்கள் அப்பா அய்யாக்குட்டி மாமா பட்டாளத்தில் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். எங்கே இருந்தார்கள் என்று மட்டும் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அவர்கள் விட்டுப்போன கோட்டு பர்மா யுத்தத்தில் போட்டது என்று உங்கள் தங்கச்சி சுகிர்தம் சொல்ல, "அப்பா பர்மாவுக்கும் போகல, பாம்பேக்கும் போகல. இது சுதந்திரத்துக்குப் பொறவு ஏதோ சந்தையில வாங்குன கோட்டு" என்று நீங்கள் பிரியாணி பரிமாறின இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல, அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக, அன்றைக்கு ஆறின பிரியாணி இன்னும் சூடாகவில்லை. "அது யுத்தத்துக் கோட்டுதான்னு அண்ணன் வாயால சொல்லட்டும், அப்புறம் மாலையைத் தூக்கட்டும்" என்று இவள். பொய்க்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று நீங்கள் சொல்லியனுப்பியதாகக் கேள்வி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளம் அடியேன்.

சுஜிதாவின் வாடின முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் தென்காசி முகம்மது சலீம் அண்ணாச்சியைப் பிடித்தேன். ஷார்ஜாவில் சம்பாதித்தவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், டி.வி. கொண்டுவருவார்கள், இவர் பெட்டி பெட்டியாகப் பழைய ராணுவக் கோட்டுகளைக் கொண்டுவந்து, வீட்டில் ஒரு அறை முழுக்கப் பொம்மைகளுக்கு மாட்டி வைத்திருக்கிறார். எந்த நாட்டுக் கோட்டையும் புரட்டிப் பார்த்து வயது சொல்லிவிடுவாராம். வர ஒப்புக்கொண்டவர் போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "அண்ணாச்சி, கோட்டு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஒரு தூசியைக்கூடத் தட்டிராதீக." அதை அட்சரம் பிசகாமல் உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொண்ணு பாக்க வாறவுக முன்னால பொண்ணைத் தலை சீவாமலா நிறுத்துவோம்?" என்று கேட்டாள். கேட்டதோடு நின்றாளா? சோப்புத் தூளில் ஊறப்போட்டு, அலசி, கஞ்சி போட்டு, சாரலில் வெயில் இல்லாததால் ஃபேனுக்கு அடியில் காயவைத்து, ஈர வாடை போகச் சாம்பிராணிப் புகையும் காட்டி, இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். கஞ்சி போட்ட வேகத்தில் கோட்டு ஆள் இல்லாமலே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

சலீம் அண்ணாச்சி வெள்ளைக் கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு குனிந்தவர், மூக்கைச் சுருக்கினார். "என்ன, கோட்டு தர்காவுக்குப் போயிட்டு வந்த மாதிரில்லா மணக்குது?" நான் கூரையைப் பார்த்தேன். கதவு ஜன்னலை அடைக்கச் சொல்லி, ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச் ஒன்றை எடுத்தார். பழைய பருத்தித் துணி அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்குமாம், இப்போது வருகிற நூல் என்றால் பளிச்சென்று மின்னுமாம். டார்ச்சை அடித்தார். அத்தான், கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் கட்டுகிற நட்சத்திரம் தோற்றுப்போகும்! காலர் முதல் கடைசி வரை கோட்டு ஜெகஜ்ஜோதியாக மின்னியது. "இது போன மாசம் தச்சதா அண்ணாச்சி?" என்றார் அவர். சுகிர்தம் முகத்தில் ஈயாடவில்லை. "சோப்புத் தூள்லதான் போட்டேன்" என்று மெல்ல அவள் சொன்ன பிறகுதான், அந்தத் தூளில் இருக்கிற வெளுப்பு மருந்தும் அப்படித்தான் மின்னும், இனி இந்த டார்ச்சால் பிரயோசனம் இல்லை என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்து பொத்தான். கிரீடம் போட்டிருந்தால் வெள்ளைக்காரன் காலம், சிங்கம் போட்டிருந்தால் நம் காலம். பார்த்தால் அத்தனையும் சிங்கம். உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நிமிஷம் உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது. உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அண்ணாச்சி பொத்தான் தைத்த நூலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பின்னால மாத்துனது. பொத்தானைப் பாத்து கோட்டுக்கு வயசு சொல்லுதது, பல்செட்டைப் பாத்து கிழவனுக்கு வயசு சொல்லுத மாதிரி" என்றவர், உள்பாக்கெட்டை மெதுவாக வெளியே இழுத்துத் திருப்பினார். அதன் அடியில் மங்கலாக ஒரு முத்திரை. ஒரு அம்புக்குறி, பக்கத்தில் இங்கிலீஷ் ஐ எழுத்து, கீழே 1943. "அம்பு சர்க்கார் சரக்கு, ஐ இந்தியாவுல தச்சது. யுத்தத்துக் கோட்டேதான்!" என்று அவர் சொன்னதும் சுகிர்தம் அழுதுகொண்டே போய் ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து வைத்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதப் பயந்திருப்பேன். முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டே அண்ணாச்சி முத்திரைக்குக் கீழே இருந்த அளவையும் படித்துவிட்டார். நெஞ்சளவு நாற்பத்திரண்டு. மாமா எப்படிப்பட்ட ஒல்லி என்று உங்களுக்குத் தெரியும். குடையை விரித்தால் ஆளைக் காணாது. யுத்தம் முடிந்து மிச்சக் கோட்டுகளை மூட்டை மூட்டையாக ஏலம் விட்டார்களாம். "கோட்டுக்கு வயசு சொல்லலாம். உள்ள யாரு இருந்தான்னு கோட்டு சொல்லாதுல்லா" என்றார். ஆகவே அத்தான், அது யுத்தத்துக் கோட்டு என்று அவள் சொன்னதும் சரி, சந்தையில் வாங்கியது என்று நீங்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். இருவரும் ஜெயித்துவிட்டீர்கள். சுகிர்தமும் இதை ஒத்துக்கொண்டுவிட்டாள். இனிமேல் ஒரு தையலைக்கூடத் தொட மாட்டோம் என்ற உறுதிமொழியோடு கோட்டை அடுத்த வாரம் சலீம் அண்ணாச்சியின் கண்ணாடி அலமாரிக்கே கொடுத்துவிடுகிறோம். சண்டைக்குக் காரணமான பொருளே வீட்டில் இருக்காது. பழசையெல்லாம் மறந்து, மாலையோடு வந்து நில்லுங்கள். நீங்கள் இல்லாமல் அந்தப் பிள்ளை வாசல்படி இறங்கினால் எனக்குத் தாங்காது.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் வலி தீரவும், பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்கவும் தினமும் ஜெபிக்கிறோம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள
ஜஸ்டின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சுகிர்தம் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? அது எங்கப்பா கோட்டுதான்" என்றாள். கண்ணாடி அலமாரிக்கும் போகாதாம். பயந்துபோய் பீரோவைத் திறந்தால் கோட்டைக் காணவில்லை. நேற்றே மாரிராஜ் டெய்லர் கடைக்குப் போய்விட்டதாம். விலாவில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, புதுத் துணி கொடுத்து, நாற்பத்தாறாக ஆக்கச் சொல்லியிருக்கிறாள். சலீம் அண்ணாச்சி கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார். "யாருக்குட்டி நாப்பத்தாறு?" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் நல்லா தொப்பை போட்டுட்டான். மாலை போடயில அப்பா கோட்டு பிடிச்சுக்கிட்டு நின்னா ஊரு சிரிக்காதா?" என்றாள். பழைய கிறிஸ்துமஸ் போட்டோவைக் காட்டி குத்துமதிப்பாகத்தான் அளவு கொடுத்திருக்கிறாளாம். அதனால் போட்டுப் பார்க்க நீங்கள் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டுமாம். இதை அவள் சொன்னதாக எழுதக் கூடாதாம்.