பழசா, புதுசா என்று கேட்ட கம்ப்யூட்டர்

இனிமேல் பொண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று லிங்கசாமி அன்றைக்கு முடிவு கட்டிவிட்டார். ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குத் தன் ஆபீஸில் ரேக்ளா ரேஸ் பார்க்க உரிமை இல்லையா? அதுவும் அவரே பருத்திக்கொட்டை அரைத்து ஊட்டி வளர்த்த செவலைக் காளைகள் உடுமலைப்பேட்டையில் ஓடுகிற நாளில்!

நேரில் போகத்தான் கொடுப்பினை இல்லை. "காதர்பேட்டைக்கு லோடு போகோணும், நீங்க இருங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று இந்துமதி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செல்போனில் பார்த்தால் மாடு எலி மாதிரி தெரிகிறது. ஆபீஸில் பெரிய திரை உண்டு. ஆனால் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் வீடியோ எதுவும் வராதபடி செட்டிங் பைலில் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள் மகராசி.

பக்கத்துக் கம்பெனி சிவசுப்பிரமணியம்தான் வழி சொன்னார். "அப்டேட் போடுங்க மாப்ள. பைலை மாத்தட்டுமான்னு அதே கேக்கும்."

போட்டார். கேட்டது. பழைய பைலே இருக்கட்டுமா, புதுசு போடட்டுமா, ரெண்டுக்கும் வித்தியாசத்தைக் காட்டட்டுமா?

பனியன் வாங்கும் பையர் புது சாம்பிள் அனுப்பினால், பழைய சாம்பிளை எடுத்து மெஷின் துடைத்தே பழகிய மனுஷர். வித்தியாசமாவது, வெங்காயமாவது! கேட்ட பைலுக்கெல்லாம் புதுசு, புதுசு என்று தட்டினார். பூட்டு போயே போச்சு. திரையில் ரேஸ் மைதானம் ஜம்மென்று வந்து நின்றது.

"மொதலாளி, ஸ்டிக்கர் வரலீங்க!" பேக்கிங்கிலிருந்து சாமியப்பன் கத்தினான். பிரிண்டர் செத்துக் கிடந்தது. பெட்டிமேல் ஸ்டிக்கர் இல்லாமல் லாரி கிளம்பாது. லிங்கசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் வீட்டம்மாவுக்கே போன் போட்டார்.

"இந்து, கம்ப்யூட்டர் தானா என்னமோ பண்ணிக்கிச்சு."

"தானாவுங்களா? பழசா புதுசான்னு கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு..."

"நீங்க புதுசுன்னிருப்பீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்களத்தானுங்க கட்டியிருக்கறேன்! வித்தியாசத்தைப் பார்த்தீங்களா? பிரிண்டர் செட்டிங் பூராவும் அந்தப் பழசுலதானுங்க இருந்துச்சு."

"ஐயோ, எல்லாம் போச்சா?"

"பதறாதீங்க. அது உங்களாட்டம் இல்லீங்க. புதுசு போட்டாலும் பழசைப் பக்கத்துலயே பத்திரமா எடுத்து வெச்சிருக்கும்."

இருந்த இடத்திலிருந்தே, செல்போன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பழசையெல்லாம் திரும்ப வைத்தாள் இந்துமதி. பிரிண்டர் கரகரவென்று ஸ்டிக்கரைத் தள்ளியது. லிங்கசாமிக்குப் போன உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தார். அவருடைய செவலைகள் புறப்படும் கோட்டில் வந்து நின்ற நேரம் பார்த்து, வீடியோ நின்றுபோயிருந்தது.

"ஏனம்மணி, அந்த வீடியோ மட்டும்..."

"அதுவும் பழைய செட்டிங்தானுங்க."

அப்போதுதான் போனுக்குள் கேட்ட சத்தம் அவர் காதில் உறைத்தது. விசில், தப்பட்டை, மைக்கில் எவனோ அவர் பெயரைச் சொல்லிக் கூவுகிறான்.

"இந்து, நீ எங்க இருக்கற?"

"சித்த இருங்க, நம்ம காளை ஓடுது. பார்த்துட்டு வந்து சொல்றேன்."